மலையகப் பாடசாலையில் ஏஐ: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) என்று பேச்செடுத்தாலே வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியை அப்படியே விட்டிருக்கிறோம். பதில்களில் எங்கள் சாய்வு தெரியும்: ஏஐ பாடசாலைக்குள் வரவேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. ஆனால் முதலில் ஆசிரியர் கைக்கு, பிறகுதான் பிள்ளை கைக்கு.

ஏஐ ஏஐன்னு சொல்றீங்களே, கூகுள்ல தேடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கூகுள் தேடல், யாரோ எழுதி வைத்த பக்கங்களைக் காட்டும். சட் ஜிபிடி, ஜெமினி, கோபைலட் போன்றவை நீங்கள் கேட்ட அந்த நொடியில் புதிதாக எழுதித் தரும். ஏராளமான எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று பழகிய இயந்திரம் அது. அதனால்தான் “20 வினா எழுது, இப்போது அதையே எளிதாக்கு” என்று வேலை வாங்க முடிகிறது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே தயங்காமல் சொல்வதும் அதனால்தான். இப்போது கூகுள் தேடலின் உச்சியிலும் ஏஐ எழுதிய சுருக்கம் வருவதுண்டு. அதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

என்கிட்ட கொம்பியூட்டர் இல்ல, போன் மட்டும்தான். டைப் பண்ணவும் நேரமாகும். நம்மளால முடியுமா?

முடியும். சாதாரண அன்ட்ரொய்ட் போனும் ஒரு மின்னஞ்சல் கணக்கும் போதும். இலவசப் பதிப்பிலேயே தொடங்குங்கள், காசு கட்டத் தேவையில்லை. தட்டச்சு சிரமமென்றால் கூகுள் விசைப்பலகையில் மொழியாக “தமிழ் (இலங்கை)” என்பதைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசுங்கள், எழுத்தாக வரும். எண்களையும் பாடப் பெயர்களையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். வகுப்பின் இரைச்சலுக்குள் இது சரிவராது, வீட்டில் வைத்துச் செய்யுங்கள்.

சரி, முதல்ல எதுல தொடங்குறது?

பயிற்சித்தாளில். பாடக்குறிப்பு எழுதச் சொல்லித் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள், ஏனென்றால் அழகாகவும் பொதுவாகவும் ஒன்று வரும், அதை வைத்துப் பாடவேளை ஒன்றை நடத்த முடியாது. பயிற்சித்தாளென்றால் சரியா பிழையா என்று உடனே தெரியும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “தரம் 7 கணிதம், இலங்கைப் பாடத்திட்டம், தமிழ்மொழிமூலம். பகுதியெண் வேறுபட்ட இரண்டு பின்னங்களைக் கூட்டும் 10 பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள். பிழையான 3 விடைகளும் மாணவர் வழக்கமாக விடும் தவறிலிருந்து வரவேண்டும். எது எந்தத் தவறு என்று கடைசியில் தனியாக எழுது. பின்னங்களை 2/3 என்று சாதாரண எழுத்தில் எழுது.”

“வழக்கமான தவறு” என்று கேட்பதில்தான் இலாபம். 2/3 + 3/4 என்ற கணக்கை எடுங்கள். சரியான விடை 17/12, அதாவது ஒன்றும் 5/12உம். 5/7 என்று தெரிவு செய்த பிள்ளை மேலையும் கீழையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. 5/12 என்றால் பகுதியெண்ணை 12 ஆக்கிவிட்டுத் தொகுதியெண்களை மாற்ற மறந்திருக்கிறது. 6/12 என்றால் கூட்டவில்லை, பெருக்கியிருக்கிறது. ஆகவே தாளைத் திருத்தும்போது எத்தனை பேர் பிழை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எந்த நான்கு பேருக்கு எதை மறுபடி சொல்லவேண்டும் என்பது கையோடு தெரிந்துவிடும்.

பின்னங்களைச் சாதாரண எழுத்தில் கேட்கும் அந்தக் கடைசி வரி எதற்கென்று கேட்பார்கள். அதைச் சொல்லாவிட்டால் பின்னங்களை ஒரு கணிதக் குறிமொழியில் எழுதிவிடும். போன் திரையில் அழகாகத் தெரியும், வேர்டில் ஒட்டினால் சாய்கோடும் அடைப்புக்குறியுமாக உடைந்து நிற்கும். அச்சடித்த பிறகு கண்டுபிடித்தால் தாள் அத்தனையும் வீண்.

விஞ்ஞானம் கேட்டா இந்தியத் தமிழ்ல வருது சேர். நம்ம புத்தகத்துல அப்படி இல்லையே?

இதுதான் நம் வகுப்புகளுக்கு வரும் பெரிய தொல்லை. இணையத்திலுள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது, ஏஐ படித்ததும் அதைத்தான். நாம் ஒளித்தொகுப்பு என்போம், அது ஒளிச்சேர்க்கை என்னும். காபனீரொட்சைட்டு என்பது கார்பன் டை ஆக்சைடு ஆகும், கலம் செல் ஆகும், ஆர்முடுகல் முடுக்கம் ஆகும், பொ.ம.சி. மீச்சிறு பொது மடங்காகும். இவையெல்லாம் வேறு சொற்கள் என்று கண்ணுக்குத் தெரிவதால் பிடித்துவிடலாம்.

பிடிபடாமல் நழுவுவது ஒரே சொல் இரண்டு பொருளில் வரும் இடம். நம் பாடநூலில் கதி என்றால் திசை இல்லாதது, வேகம் என்றால் திசையோடு கூடியது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் திசை இல்லாததற்குப் பெயர் வேகம், திசையோடு கூடியது திசைவேகம். ஆகவே ஏஐ “வேகம் ஒரு எண்ணிக் கணியம்” (திசை இல்லாத அளவு) என்று எழுதினால் அது அங்கே சரி, இங்கே பிழை. பிள்ளை அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினால் புள்ளி போய்விடும்.

ஒவ்வொரு அலகுக்கும் பாடநூலைத் திறந்து 15, 20 சொற்களைப் பொறுக்கிப் போனின் குறிப்பேட்டில் சேமித்து வையுங்கள். கேள்வியின் தலையில் அதை ஒட்டி, “இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்து, கதி, வேகம் இரண்டுக்கும் வரைவிலக்கணம் இது” என்று எழுதுங்கள். உரையாடல் நீண்டால் அது பழைய வழக்கத்துக்கே திரும்பும், ஆகவே கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள்.

பாடப்புத்தக பிடிஎஃப்ல இருந்து கொப்பி பண்ணி ஒட்டினா, ஏதோ இங்கிலீஷ் எழுத்து கண்டபடி வருது. வைரஸா?

வைரஸ் இல்லை. நம் நாட்டுத் தமிழ் ஆவணங்கள் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. இரண்டு வழி உண்டு. ஒன்று, பாமினியை யுனிகோடுக்கு, அதாவது போனும் ஏஐயும் தமிழாகவே வாசிக்கும் எழுத்துமுறைக்கு, மாற்றும் இலவசக் கருவியில் ஒட்டி மாற்றுவது. மற்றது, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஏஐக்குக் கொடுத்து, “இதிலுள்ள தமிழை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்” என்பது. அச்செழுத்தென்றால் இரண்டாவது வழி ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் ர, ற, ன, ண நான்கையும் பாடநூலோடு ஒத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத இடத்தைத் தானே இட்டு நிரப்பும் பழக்கமும் அதற்கு உண்டு.

எங்க டிவிசன்ல சிக்னலே இல்ல. இதெல்லாம் டவுன் ஸ்கூலுக்குத்தானே?

கொரோனாக் காலத்துச் சூம் வகுப்புக்குப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறவேண்டி இருந்தது, ஏனென்றால் அப்போது இணையம் தேவைப்பட்டது ஒவ்வொரு பிள்ளைக்கும். இங்கே சொல்லும் முறையில் வகுப்புக்குள் இணையமே வேண்டாம். ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும் நாளில், அல்லது சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால், ஒரு வாரத்துத் தாள்களைத் தயாரித்துச் சேமித்துவிடலாம். எழுத்துக்கு டேட்டா அதிகம் போகாது. போவது படத்துக்கு. போனில் எடுத்த ஒரு படம் 3, 4 மெகாபைட் இருக்கும், அதை வட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி எடுத்தால் வெகுவாகச் சுருங்கிவிடும்.

போட்டோக்கொப்பிச் செலவுதான் உண்மையான தடை. ஒரு ஏ4 தாளில் இரண்டு பயிற்சித்தாள் வருமாறு அமைத்து நடுவில் வெட்டினால் 36 பிள்ளைகளுக்கு 18 தாள். நிழல் பூசிய கட்டம், படம், அலங்காரக் கோடு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், மை மிஞ்சும். அதுவும் முடியாதென்றால் 6 வினா மட்டும் கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள்.

கொஞ்சம் கேட்டதுமே “லிமிட் முடிஞ்சிருச்சு, அப்புறம் வாங்க”ங்குது. ஏன்?

ஏஐ எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எண்ணும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டு, தமிழ்ச் சொல் அதைவிடப் பல. அதனால் ஒரே அளவு விடயத்துக்குத் தமிழில் ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். நம் பிழையில்லை, வெட்டும் முறை அப்படி. அத்தியாயம் முழுவதையும் ஒட்டாமல் வேண்டிய இரண்டு பந்தியை மட்டும் ஒட்டுங்கள், புதுத் தலைப்புக்குப் புது உரையாடல் திறவுங்கள், 10 கோரிக்கைகளை ஒரே தடவையில் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் கைவந்தவர்கள் அறிவுறுத்தலை ஆங்கிலத்தில் கொடுத்து விடையைத் தமிழில் கேட்கலாம்.

தரம் 4உம் 5உம் ஒரே மண்டபம், நான் ஒரு ஆள். இதுல ஏஐ என்ன செய்யும்?

எங்களைக் கேட்டால் ஏஐயால் அதிகம் பயன்பெறக்கூடியவர் நீங்கள்தான். பல்தரக் கற்பித்தலின் சிக்கல், ஒரு தரத்தோடு நீங்கள் பேசும்போது மற்றத் தரத்துக்கு விளக்கம் தேவைப்படாத வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது. “நீர்” என்ற தலைப்பில் 8 வரிப் பந்தி ஒன்றைக் கேளுங்கள். பிறகு அதே பந்திக்கு இரண்டு வேலைத்தாள்: தரம் 4க்குப் பந்தியிலேயே விடை இருக்கும் 5 வினா, தரம் 5க்கு யோசித்து எழுதும் 3 வினாவும் ஒரு அட்டவணையும். முதல் 5 நிமிடம் இரண்டு தரத்துக்கும் சேர்த்து வாசிப்பு. அடுத்த 15 நிமிடம் தரம் 4ஓடு நீங்கள் இருக்க, தரம் 5 அட்டவணை நிரப்பும். அடுத்த 15 நிமிடம் இடம் மாறும். மீதி நேரம் திருத்தம்.

கெட்டுப்போவது ஒரே இடத்தில்: தனியாகச் செய்யும் தாளில் கட்டளை புரியாமல் பிள்ளை எழுந்து வந்துவிடும். “ஒவ்வொரு கட்டளையும் 6 சொல்லுக்குள் இருக்கட்டும், முதல் வினாவைச் செய்து காட்டு” என்று சேர்த்துக் கேட்டால் எழுந்து வருவது குறையும்.

கணக்கு விடையே பிழையா வருதுன்னு சொல்றாங்களே, நம்பலாமா?

விடையை மட்டும் கேட்டால் நம்பாதீர்கள். படிமுறையோடு கேளுங்கள், பிறகு ஒவ்வொரு வினாவையும் நீங்களே செய்யுங்கள். 10 வினா செய்ய 10 நிமிடம் போகும். அந்த 10 நிமிடம் இல்லையென்றால் அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். சாதாரண தரக் கணிதம் முதலாம் வினாத்தாளின் பகுதி அ போல 25 சிறுவினா வேண்டுமென்றால் ஐந்தைந்தாகக் கேளுங்கள். ஒரே மூச்சில் கேட்டால் இருபதாவது வினாவுக்குப் பிறகு முதல் வினாவே எண் மாறித் திரும்பி வரும்.

எண் சரியாக இருந்தும் கணக்குப் பொய்யாக இருப்பதுண்டு. “ஒரு பெண் ஒரு நாளில் 150 கிலோ கொழுந்து பறித்தார்” என்று எழுதும். கூட்டல் பெருக்கலில் குறை இருக்காது, ஆனால் அம்மா மலையிலிருந்து 18, 20 கிலோவோடு இறங்குவதைப் பார்க்கும் பிள்ளை சிரிக்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதையும், உங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு (ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு) எத்தனை கிலோ என்பதையும் நீங்களே கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். விகிதமும் சதவீதமும் அதில் தானாகவே வந்துவிடும்.

மலையக வரலாறு பத்திக் கேட்டா சரியாச் சொல்லுமா?

தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்லும் குணம் நன்றாக வெளிப்படும் இடம் இது. நம்மைப் பற்றித் தமிழில் இணையத்தில் இருப்பது குறைவு, ஆகவே இட்டு நிரப்புவது அதிகம். ஆண்டையும் எண்ணையும் உங்கள் கையிலிருந்து கொடுங்கள்: 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத் தேயிலை பயிரிட்டது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மிஞ்சிய 150,000 பேரைப் பற்றி முடிவானது 1974இல், இரண்டு நாட்டுக்கும் ஆளுக்குப் பாதி. இரண்டு ஒப்பந்தத்தையும் ஒன்றாகக் குழைத்து ஏஐ எழுதினால் இந்த எண்களால் பிடித்துவிடலாம். நீங்கள் கொடுத்த தகவலைக் காலக்கோடாக அடுக்கவும், தரம் 9க்கு எளிதாக்கவும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். புதுத் தகவல் கேட்கப் போகாதீர்கள்.

படம் வரையுமாமே? இதயத்துப் படம் போட்டுக் குடுக்கச் சொல்லலாமா?

வேண்டாம். படம் பளபளப்பாக இருக்கும், ஆனால் அறைகளும் குழாய்களும் இடம் மாறியிருக்கலாம், தமிழ் எழுத்து கொம்பும் காலும் சிதைந்து வரலாம். பாடநூல் படத்தையே பிரதி எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள்.

சிங்களம் இரண்டாம் மொழியா படிப்பிக்க உதவுமா? இங்கிலீஷுக்கு?

ஆங்கிலத்துக்கு மிக நன்றாக உதவும். உரையாடல், வாசிப்புப் பந்தி, சொல் விளையாட்டு எல்லாம் கிடைக்கும், குரல் வசதியில் உச்சரிப்பும் கேட்கலாம். சிங்களத்தில் எச்சரிக்கை வேண்டும். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் பேசும் 8 வரி உரையாடலைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் தமிழ் எழுத்தில் மட்டும் வாங்காதீர்கள். சிங்களத்தில் க (ka), அதன் மெலிந்த ஒலி (ga) இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு வரியும் சிங்கள எழுத்திலும் கீழே தமிழ் எழுத்திலும் வேண்டும் என்று கேளுங்கள். ஏஐ எழுதும் சிங்களம் புத்தகச் சிங்களமாகவும் இருக்கலாம், சிங்களம் பேசும் சக ஆசிரியர் ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி.

புள்ளைங்க கையிலயே குடுத்துட்டா என்ன?

ஆரம்பப் பிரிவில் வேண்டாம். பெரும்பாலான சேவைகளின் விதியே 13 வயதுக்குக் கீழ் கூடாது என்பது. சட் ஜிபிடி 18க்குக் கீழ் பெற்றோர் சம்மதமும் கேட்கிறது. யுனெஸ்கோ 2023 செப்டெம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு 13ஐத்தான் கீழெல்லையாகச் சொல்கிறது. தரம் 9க்கு மேல் அதிபரின் அனுமதியோடு, ஆசிரியரின் ஒரே போனை வைத்து வகுப்பாகச் செய்யலாம்: ஏஐ எழுதிய விடை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, “இதில் 3 பிழை இருக்கிறது, பாடநூலைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்” என்பது நல்ல பாடம். கதி, வேகம் குழப்பம் இதற்கென்றே செய்த மாதிரி.

ஒப்படையை ஏஐயில எழுதிக் கொண்டாந்துடுறாங்க. கண்டுபிடிக்க ஏதாவது ஆப் இருக்கா?

இருக்கிறது, நம்பாதீர்கள். சட் ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்துக்கே அந்த நிலைமை. கருவி காட்டிய சதவீதத்தை வைத்து ஒரு பிள்ளையைக் கள்ளன் ஆக்குவது அநியாயம்.

ஒப்படையை மாற்றுவது எளிது. “தேயிலைக் கைத்தொழில் பற்றி எழுதுக” என்றால் ஏஐ எழுதும். “உங்கள் லயத்தில் மூன்று பேரிடம் கேட்டு, அவர்கள் முதல் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு) போன வயதையும் அன்றைய சம்பளத்தையும் அட்டவணையாக்குக” என்றால் பிள்ளைதான் போய்க் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள்: இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இது ஏன் இரண்டாவதாக வந்தது? எழுதியவர் சொல்லிவிடுவார்.

விடைத்தாள் திருத்தக் குடுக்கலாமா? தவணை முடிவுல உயிர் போகுது.

புள்ளி போடக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் தமிழ்க் கையெழுத்தை அது தப்பாக வாசிக்கும், ஒரே விடைக்கு இன்று 6, நாளை 8 கொடுக்கும். திருத்தும் திட்டம் தயாரிக்கக் கேளுங்கள்: 10 புள்ளிக் கட்டுரைக்கு எதற்கு எத்தனை, பாதி சரியான விடைக்கு எவ்வளவு என்று. திருத்தி முடித்த பிறகு, எந்த வினாவில் எத்தனை பேர் பிழை விட்டார்கள் என்ற எண்ணிக்கையைக் கொடுத்து மீள்கற்பித்தலுக்குத் தாள் கேட்கலாம். உயிர் போகும் வேலையில் ஒரு பங்காவது குறையும்.

புள்ளைங்க பேரு, மார்க்ஸ் எல்லாம் போட்டுக் கேட்டா ஆபத்தா?

பெயர், சுட்டெண், தோட்டம், வீட்டு நிலைமை, நோய், படம் எதையும் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் பிள்ளையின் வீட்டு விடயம் நம் கையிலிருந்து வெளியே போகக் கூடாது. “மாணவர் அ, மாணவர் ஆ” என்று எழுதினாலே வேலை நடக்கும். அமைப்புகளுக்குள் போய், உங்கள் உரையாடலை ஏஐயைப் பழக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் தெரிவை நிறுத்தியும் வையுங்கள்.

டியூசனுக்குக் கட்ட வசதியில்லைங்க. இதை வச்சு மகளை வீட்டுலயே ஓ/எல் படிக்க வைக்கலாமா?

துணையாக வைக்கலாம். மகளுக்கு வயது சரியென்றால் உங்கள் போனில், நீங்கள் பக்கத்தில் இருக்க. “விடை சொல்லாதே, ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு மட்டும் சொல்” என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், இல்லையேல் பார்த்தெழுதும் பழக்கம்தான் வரும். கடந்தகால வினாத்தாளைத் தாளில் செய்து முடித்த பிறகே போனைத் திறக்க வேண்டும். விளங்காத வினா எண்ணைக் குறித்து வைத்து மறுநாள் டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, “எனக்கு விளங்கப்படுத்து” என்று சொல்லி, அவள் சொல்வதைக் கேட்பதே அவளுக்குப் பெரிய உதவி.

விஞ்ஞான டீச்சரே இல்லாத ஸ்கூலுக்கு ஏஐயைக் காட்டிட்டு, இனி டீச்சர் எதுக்குன்னு கேட்டுட மாட்டாங்களா?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வேறு பாட ஆசிரியர் ஒருவர் விஞ்ஞானப் பாடவேளையை ஏற்றால், பாடநூலும் சொற்பட்டியலும் ஏஐயும் சேர்ந்து வகுப்பை ஓரளவு ஓட்ட உதவும், சும்மா உட்கார்ந்திருக்கும் பாடவேளையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அமிலத்தை ஊற்றும் பிள்ளையின் கையைப் பிடிக்க அதனால் முடியாது. பின்வாங்கில் இருப்பவனுக்கு விளங்கவில்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

ஆகவே அப்படி நடந்த ஒவ்வொரு பாடவேளையையும் பதிவேட்டில் “பதில் ஏற்பாடு” என்று திகதி, தரம், அலகு போட்டு எழுதுங்கள். “விஞ்ஞானம் நடந்தது” என்று எழுதாதீர்கள், எழுதினால் வெற்றிடம் தாளில் மறைந்துபோகும். தவணை முடிவில் அந்த எண்ணிக்கையைக் கூட்டி, ஆசிரியர் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் அதிபரின் கடிதத்தோடு இணையுங்கள். கடிதத்தை எழுத வேண்டுமானால் ஏஐயிடம் கேட்கலாம்.